பிரான்ஸில் பேர்மி (சாரதி லைசன்ஸ்) இல்லாமல் ஓடுற சின்னக் கார்: காசு குடுக்கமுதல் வாசியுங்கோ

புதுசா வந்த கனபேர் கேட்கினம், "அண்ணை, பேர்மி இல்லாமல் ஓடுற கார் ஒண்டு வாங்கட்டோ?" எண்டு. முதலில் உங்கட பிறந்த திகதியைப் பாருங்கோ. 1988 ஜனவரி 1க்கு முதல் பிறந்த ஆளெண்டால் பேர்மியே தேவையில்லை. அதுக்குப் பிறகெண்டால் ஏஎம் எண்ட சின்னப் பேர்மி எடுக்கோணும். 8 மணித்தியாலப் பயிற்சி, வீதிப் பாதுகாப்புச் சான்றிதழும் கேட்பினம். இன்சூரன்ஸ் எல்லாருக்கும் கட்டாயம்.

முந்தி இந்தக் காரை ஊர்ப்புறத்து வயசானவையும், குடிச்சுப் பேர்மி பறிகுடுத்தவையும்தான் ஓடுவினம் எண்டு ஒரு இளக்காரம் இருந்தது. 14 வயசிலேயே ஓடலாம் எண்டு 2014இல சட்டம் மாறி, 2020இல சித்ரோயன் கொம்பனியின்ர அமி எண்ட கரண்ட் காரும் வந்தாப்பிறகு பள்ளிக்கூட வாசலெல்லாம் இதுதான் நிக்குது. அமி 2.41 மீற்றர் நீளம், ரெண்டே சீற். வீட்டுப் பிளக்கில 3 மணித்தியாலம் சார்ஜ் போட்டா 75 கிலோமீற்றர் எண்டு சொல்லுகினம்; குளிருக்க அவ்வளவு வராது. மாடிக் குடியிருப்பில இருக்கிறவை, கீழ பிளக் இருக்கோ எண்டு பார்த்திட்டு முடிவெடுங்கோ.

நான் பழைய டீசல் ஒண்டு வாங்கினனான். விடிய அஞ்சு மணிக்கு றெஸ்ரோறன்ட் கிச்சினுக்குப் போகோணும், அந்த நேரம் பஸ் இல்லை. முதல் நாள் கண்ணாடி முழுக்கப் பனிப்புகார். துணியால துடைச்சுத் துடைச்சுப் போறன், வேக முள்ளு 45இல நிக்குது, பின்னுக்கு ஒரு லொறி லைற் அடிச்சுக்கொண்டு வருது. போன் காட்டின வழியில திரும்பினா, முன்னுக்கு ஓட்டோறூட் (அதிவேகப் பாதை) போர்ட்! நெஞ்சு திக்கெண்டுட்டுது. இந்தக் காருக்கு ஓட்டோறூட்டும், பாரிஸைச் சுத்திப் போற பெரிபெரிக் றோட்டும் தடை. போனில "ஓட்டோறூட் வேண்டாம்" எண்டதை முதலே போட்டு வையுங்கோ. வாங்கமுதல் வேலைக்குப் போற வழியையும் ஒருக்கா அப்பிடிப் போட்டுப் பாருங்கோ. சிலருக்கு வழியே இராது.

இன்னொண்டு, இதை வடிவாக் கேளுங்கோ. ஏர்பேக் இதில கட்டாயமில்லை. 2016இல கார்ப் பாதுகாப்பைச் சோதிக்கிற யூரோ என்கேப் அமைப்பு இதிலும் பாரமான நாலு குட்டிக் கார்களை மோதவிட்டுப் பார்த்தது, எங்கட பஜாஜ் க்யூட்டும் அதில ஒண்டு. ஒண்டும் ரெண்டு நட்சத்திரத்தைத் தாண்டேல்லை. பிள்ளையை ஏத்திக்கொண்டு பெரிய றோட்டில போகாதேங்கோ.

அமி வரேக்க விலை 6,000 யூரோ. அவ்வளவு காசு கையில இருந்தா நான் முதலில முழுப் பேர்மி எடுக்க ஓட்டோ எக்கோலில (கார் ஓட்டப் பழக்கிற பள்ளிக்கூடம்) பதிஞ்சிருப்பன். கோட் (வீதிச் சட்டச் சோதனை) படிக்கப் பிரெஞ்சு காணாது எண்டு பயப்பிடுறவை கீழ எழுதுங்கோ, நான் படிச்ச விதத்தைச் சொல்லுறன்.