இரவு இரண்டே காலுக்கு வால்வைத் தேடி அலைந்தோம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மடிப்பாக்கத்தில் நாலு மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு, எங்களுடையது மூன்றாவது மாடி. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி இரண்டே கால் மணிக்கு அம்மா எழுப்பி, "டேய், வெளியில மழையா பெய்யுது?" என்று கேட்டார். மழை இல்லை. பாத்ரூமில் ஹெல்த் ஃபாசெட்டுக்குப் போகும் டியூப் நட்டோடு பிய்த்துக்கொண்டு தண்ணீர் எதிர்ச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. ஹாலில் கால் வைத்தால் பாதம் நனைகிறது.

சரி, அந்த டியூப் சுவரில் தொடங்கும் இடத்தில் இருக்கும் சின்னத் திருகுக் குழாயை, அதாவது ஆங்கிள் காக்கை, மூடினால் போதும் என்று குனிந்தேன். ஒன்பது வருடமாக யாரும் தொடாத காக் அது, உப்பு படிந்து இறுகிப்போயிருந்தது. கட்டிங் பிளேயரால் திருகியதில் தலை மட்டும் கையோடு வந்துவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை. பாத்ரூமுக்கென்று தனி வால்வு ஒன்று சுவருக்குள் இருந்ததாம், அதை முன்பு இருந்தவர்கள் டைல்ஸ் மாற்றும்போது மூடிவிட்டார்கள் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அப்புறம் மொட்டை மாடிக்கு ஓடினால் கதவு பூட்டியிருக்கிறது, சாவி செக்ரட்டரி வீட்டில். அவரை எழுப்பி மேலே போய் டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு டேங்க், ஏழு வால்வு, எது யார் வீட்டுக்குப் போகிறது என்று எதிலும் ஒரு எழுத்துகூட இல்லை. ஒவ்வொன்றாக மூடினோம். ஒரு கேட் வால்வு, அதாவது பல சுற்று திருகி மூடும் பழைய வகை, சுற்றிக்கொண்டே இருந்தது, மூடவே இல்லை, எங்கள் லைன் அதுதான்.

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. டேங்க் காலியானால் தானாக நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கீழே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. ஆட்டோ கண்ட்ரோலர் இருக்கிறதே, டேங்கில் தண்ணீர் குறைந்ததும் அது தன் வேலையைச் செய்து தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியிலிருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டது. வாட்ச்மேன் அண்ணன்தான் ஓடிப்போய் அந்த மெயினை அணைத்தார். அதனால் சொல்கிறேன், இப்படி ஏதாவது நடந்தால் ஒருவர் வால்வைத் தேடட்டும், இன்னொருவர் முதலில் மோட்டாரை அணைக்கட்டும்.

எல்லாம் நின்றபோது மணி மூன்று. மறுநாள் அதே இடத்தில் வாளி வைத்துப் பார்த்தேன், 20 லிட்டர் நிரம்ப ஒன்றரை நிமிடம் ஆனது. அந்தக் கணக்கில் 45 நிமிடத்தில் 600 லிட்டர். அதில் பாதி கீழ்வீட்டு அக்கா வீட்டுக்குத்தான் இறங்கியிருக்கும். அவர்கள் ஃபால்ஸ் சீலிங் ஊறிப்போய்க் கட்டில் மேலேயே விழுந்தது. நல்லவேளையாக அன்று அவர்கள் ஊரில் இல்லை. பிளைவுட் அலமாரி உப்பிப்போய்க் கதவு சாத்தவில்லை. சீலிங்குக்கும் அலமாரிக்கும் நான்தான் பணம் கொடுத்தேன், ஆனால் அவர்கள் வீட்டுக்காரர் கையால் எழுதிய கணக்கு நோட்டுகள் அந்த அலமாரிக்குள் இருந்தன, அதற்கு என்ன கொடுப்பது?

* * *

கோவையில் 18 வருடமாக பிளம்பிங் வேலை பார்க்கிறேன், மாதம் ஒரு வீடாவது இப்படி வரும். கேட் வால்வு சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே தகடு தண்டை விட்டுக் கழன்றுவிட்டது என்று அர்த்தம், வெளியில் இருந்து ஒன்றும் செய்ய முடியாது. நாங்கள் அந்த மாதிரி நேரத்தில் டேங்குக்குள் கையை விட்டு, கீழே போகும் ஓட்டையை மரக்கட்டையில் துணி சுற்றி அடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். மாற்றும்போது பால் வால்வாகப் போட்டுக்கொள்ளுங்கள். கால் சுற்றுதான், கைப்பிடி பைப்போடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது, இருட்டில் தடவிப் பார்த்தே தெரிந்துவிடும். ஆனால் அதையும் சும்மா விட்டால் போர் தண்ணீர் உப்பு பிடித்து இறுகும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மூடித் திறக்க வேண்டும். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் பெரிய ரெஞ்ச் போட்டு மட்டும் முறுக்காதீர்கள், மரை இருக்கும் இடத்திலேயே ஒடியும்.

* * *

நாங்கள் இருப்பது கனடாவில், ஸ்கார்பரோவில். இங்கே பனிக்காலம்தான் பிரச்சினை. வெளிச்சுவரில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பைப் ஒன்று இருக்கும், குளிர் தொடங்க முன்னம் அதற்கான வால்வை பேஸ்மென்டுக்குள் பூட்டிவிட்டு, வெளியே திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விட வேண்டும். நான் ஒரு வருடம் மறந்துபோனேன், ஹோஸையும் கழற்றவில்லை. தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், சுவருக்குள்ளேயே பைப் வெடித்துவிட்டது. வெளியே எதுவும் தெரியாது. ஏப்ரலில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடத் திறந்தேன், பத்து நிமிடத்தில் மகள் கீழே இருந்து கத்துகிறாள். மெயின் வால்வு மீட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று தெரியும், ஆனால் அதற்கு முன்னால் ஃப்ரீசரும் ஆறு அரிசி மூட்டையும் அடுக்கி வைத்திருந்தோம். மூட்டைகளை இழுத்துப் போட்டுத்தான் கையை விட முடிந்தது. இப்போது அந்த மூலையில் ஒரு செருப்பைக்கூட வைக்க விடுவதில்லை.

* * *

கோவை அண்ணனுக்கு நன்றி. நாங்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து எந்த வால்வு எந்த வீட்டுக்கு என்று கண்டுபிடித்தோம். கீழே வீட்டுக்கு ஒருவர் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு போனில் இருக்க, மேலே நான் ஒவ்வொரு வால்வாக மூட, எங்கே நிற்கிறதோ அதை எனாமல் பெயின்டால் டேங்க் மேடையிலேயே எழுதிவைத்தோம். காகிதம் ஒட்டினால் ஒரு வெயிலுக்குத் தாங்காது. மாடிச் சாவி இன்னொன்று இப்போது வாட்ச்மேனிடம் இருக்கிறது. எங்கள் வீட்டில் பாத்ரூமுக்கு வெளியே, கை எட்டும் உயரத்தில் ஒரு பால் வால்வு போட்டாயிற்று. நேற்று அம்மாவையே அதை மூடச் சொன்னேன், 72 வயதுக் கைக்கு அந்தக் கைப்பிடி திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா. இரண்டு தடவை மூடித் திறந்து காட்டினார்.