இன்-இயர் இயர்போனில் இடது பக்கம் ஒலி குறைவு: எந்த வலை ஒட்டுவது?

ரூ.1,500-க்குள் வாங்கிய வயர் இன்-இயர். 10 மி.மீ. டைனமிக் டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்), கழற்றி மாட்டும் 0.78 மி.மீ. டூ-பின் கேபிள். வாங்கி 7 மாதம் ஆகிறது, இடம் தூத்துக்குடி. மூன்று வாரமாக இடது பக்கம் ஒலி பாதிதான் கேட்கிறது, குரலும் கம்பளி போர்த்தியதுபோல் மங்கல்.

போனில் பேலன்ஸ் நடுவில்தான் இருக்கிறது. வேறு போன், வேறு டாங்கிள் (போனில் செருகும் ஆடியோ அடாப்டர்) போட்டும் அதே கதை. கேபிளை இடம் வலமாக மாற்றி மாட்டினேன். குறை இடது ஷெல்லோடேயே நிற்கிறது, ஆக கேபிள் தப்பித்தது. இயர்டிப் மாற்றியும் பலனில்லை. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இரண்டு இரவு வைத்தால் ஒருநாள் சரியாகிறது, மறுநாள் பழையபடி. காதின் ஈரமும் அழுக்கும் நாசில் (டிப் மாட்டும் குழல்முனை) வலையில் அடைத்திருக்கிறது என்று புரிந்தது.

ஊசியால் அந்த வலையை எடுத்ததும் இரண்டு பக்கமும் சமம். டிரைவர் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இப்போது ‘ச’, ‘ஸ’ காதைக் குத்துகிறது, அழுக்கு நேரே டிரைவரில் விழும் பயமும் உண்டு.

பெட்டியில் ஃபோம், மூன்று ஜோடி டிப், கேபிள் மட்டுமே. பெட்டியின் அட்டைக்குச் செலவழித்தவர்கள் இரண்டு உதிரி வலை வைத்திருக்கலாம்.

பழைய வலை உலோகம், பின்னால் மெல்லிய வெள்ளைத் துணி. வெர்னியரில் விட்டம் 4.5 மி.மீ.

பழைய ஒலி திரும்ப, துணி ஒட்டிய வலைதான் வேண்டுமா, வெறும் உலோக வலை போதுமா?