சனிக்கிழமைப் பக்கம்: ஐயர் எழுதலாமா, வீடு சந்திக்கப் போகலாமா?

கடலோரத்தான்:
எங்கள் சேகரத்து (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) ஐயர், அதாவது போதகர், ஒரு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் ஒரு பக்கம் எழுதி, சபையார் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பிரசங்கச் சுருக்கம் இல்லை. அந்த வாரம் யாரோ கேட்ட ஒரு கேள்விக்குப் பதில். போன கமிட்டியில், "எழுதுற நேரத்துல நாலு வீடு சந்திக்கலாமே" என்று நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. சர்க்கரை வியாதியால் அம்மாவுக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். கோயிலுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. அந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். விரலை வைத்து வரிவரியாக வாசிப்பார்கள். முடித்ததும் மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைப்பார்கள். இப்போது புத்தகத்தின் அட்டை மூடுவதில்லை.

மூப்பர்62:
தம்பி, அம்மாவுக்காக ஜெபிக்கிறேன். ஆனாலும் உங்கள் கமிட்டி கேட்டது நியாயம். எங்கள் சேகரத்தில் ஒரே குருவானவருக்கு ஒன்பது சபை. திருவிருந்து, கல்யாணம், அடக்கம், அசனம் (சபை விருந்து) எல்லாம் போக வாரத்தில் அவருக்கு மிஞ்சுவது ஒன்றரை நாள். அதையும் மேஜையில் செலவழித்தால் படுக்கையில் கிடக்கிறவனை யார் பார்ப்பது? மூன்றாம் யோவான் நிருபத்தின் கடைசியை வாசியுங்கள். மையினாலும் இறகினாலும் எழுத மனதில்லை, முகமுகமாய்ப் பேசிக்கொள்ளுவோம் என்கிறார் அப்போஸ்தலன்.

குருமனைப்பெண்:
ஐயா, அந்த வசனமே நமக்குக் கடிதமாகத்தானே வந்து சேர்ந்தது? அப்போஸ்தலன் பவுலைப் பற்றியும் கொரிந்து சபையார் இதையே சொன்னார்கள்: நிருபங்கள் பலமுள்ளவை, நேரில் வந்தால் ஆள் பலவீனம். அவர் எழுதுவதை நிறுத்தியிருந்தால் நம் கையில் என்ன இருந்திருக்கும்?
நான் போதகர் வீட்டில் வளர்ந்தவள். அப்பா முப்பது வருஷம் பிரசங்கம் பண்ணினார். இடமாற்றம் வரும்போதெல்லாம் குறிப்பு நோட்டுகள் பீரோவோடு லாரி ஏறும். எந்தச் சபையிலும் ஒரு வரி தங்கவில்லை. லண்டனில் ஸ்பர்ஜன் என்ற பேர்பெற்ற போதகர் ஞாயிறு பிரசங்கித்ததைத் திங்கட்கிழமை உட்கார்ந்து திருத்தி அச்சுக்குக் கொடுப்பாராம். 1855இல் தொடங்கிய அந்த வாராந்தர வெளியீடு, 1892இல் அவர் இறந்த பிறகும் 1917 வரை வந்தது.

மூப்பர்62:
ஸ்பர்ஜனுக்கு 1868 முதல் அவர் தம்பி ஜேம்ஸே துணைப் போதகர். எங்கள் ஐயருக்கு யார் இருக்கிறார்கள்?
நேரம் மட்டும் பிரச்சினை என்றால் நான் இவ்வளவு பேச மாட்டேன். முன்பு எங்கள் ஊரில் இருந்த ஒரு ஐயர் இப்படித்தான் எழுதினார். ஒரு வாரம், குடியை விட முடியாத மகனைப் பற்றி. பெயர் போடவில்லை. எங்கள் ஊரில் பெயர் எதற்கு? "மூத்தவன், மளிகைக்கடை" என்றாலே தெரியும். அந்தத் தகப்பனார் அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நாங்கள் போய் நின்றபோது கதவைத் திறந்து, உட்காரச் சொல்லாமல், "அவர்ட்ட ஜெபம் பண்ணத்தான்யா சொன்னேன்" என்றார். மேடையில் சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும். இது இன்னும் போன்போனாகச் சுற்றுகிறது.

கடலோரத்தான்:
அது பெரிய தப்புதான் ஐயா. வாசிக்கும்போதே வலிக்கிறது.

தரங்கைநேசன்:
வரலாறு படிப்பவன் என்ற முறையில் ஒன்று. எழுதுவது என்றால் போதகர் பேசிக்கொண்டே இருப்பது என்றே இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்கிறீர்கள். 1706இல் தரங்கம்பாடி வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவும் உடன் ஊழியரும் தமிழர்களிடம் கேள்விகளை அனுப்பி, பதில்களைக் கடிதமாக வாங்கினார்கள். அவற்றில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலே நகரில் அச்சேறின. தெய்வம், சடங்கு, குடும்பம், வைத்தியம் பற்றியெல்லாம் நம் ஆட்கள் சொன்னது அதில் இருக்கிறது. சில பதில்கள் கிறிஸ்தவர்களின் நடத்தையையே குறை சொல்கின்றன. மிஷனரிகள் அதையும் ஹாலேக்கு அனுப்பினார்கள். பேனா பிடித்த போதகன் முதலில் கேட்கப் பழகுகிறான் என்று நான் நம்புகிறேன்.

குருமனைப்பெண்:
இதைத்தான் சொல்ல வந்தேன். தற்கொலை செய்துகொண்ட அண்ணனுக்கு இரட்சிப்பு உண்டா என்று எந்தப் பையன் கோயில் வாசலில் நின்று கேட்பான்? எழுதித்தான் கேட்பான். பதில் வராவிட்டால் யூடியூபில் கத்துகிற யாரிடமோ போவான். அங்கே என்ன சொல்லுவார்களோ என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

மூப்பர்62:
அந்தப் பையனிடம் ஐயர் ராத்திரியோடு ராத்திரியாகப் போக வேண்டும் அம்மா. பக்கம் எழுதி அனுப்பினால் போதாது.

குருமனைப்பெண்:
போகட்டும். ஆனால் அவன் கேட்டால்தானே போக முடியும்?

மூப்பர்62:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சபையார் வீட்டுக் கதை எதுவும், பெயர் போட்டாலும் போடாவிட்டாலும், அந்த வீட்டாரிடம் வாசித்துக் காட்டி சம்மதம் வாங்காமல் வெளியே போகக் கூடாது. வியாதியஸ்தர் சந்திப்பு ஒரு நாளும் குறையக் கூடாது. இந்த இரண்டையும் எழுதிக்கொண்டு போய் உங்கள் கமிட்டியில் வையுங்கள் தம்பி.

கடலோரத்தான்:
வைக்கிறேன் ஐயா. ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்ததும் கூடுகிறோம். இந்த வாரப் பக்கம் இன்னும் வரவில்லை. அம்மா காலையிலிருந்து இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள்.