ஹார்டனிங்: ‘கடினப்படுத்துதல்’ வேண்டாம், ‘நாற்றுப் பழக்கல்’ என்போம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கான நம் கையேட்டின் சொற்பட்டியலில் பசுமைக்குடில், நிழல்வலை, குழித்தட்டு, நாற்றழுகல் எல்லாம் நாற்றுப் பண்ணைகளில் ஏற்கெனவே புழங்குகிற சொற்கள். அவற்றில் கை வைக்க வேண்டாம். ஹார்டனிங், அதாவது குடிலிலோ நிழலிலோ வளர்ந்த நாற்றை நடுவதற்கு முன் வெளிச்சூழலுக்குப் படிப்படியாகத் தயார் செய்வது, அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் இழுபறி. வந்த கருத்துகளை எடுத்துக்கொண்டு என் பக்கத்தைச் சொல்கிறேன்.

> வேளாண் பாடங்களில் ‘கடினப்படுத்துதல்’ என்றே இருக்கிறது. இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதே பாடங்களில் விதைக்கும் ஒரு கடினப்படுத்துதல் இருக்கிறது. மானாவாரிச் சோள விதையை 2 சதவீத பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை நிழலில் உலர்த்தி விதைப்பார்கள். முளைத்த பயிர் வறட்சியைத் தாங்குவதற்கான வேலை அது. போதாததற்கு, உறை தடித்துத் தண்ணீர் புகாத விதையைக் ‘கடின விதை’ என்கிறோம். மாடியில் நாலு தொட்டி வைத்துத் தக்காளி போட்டவர் இந்தச் சொல்லைத் தேடினால் மூன்று வேறு விஷயங்கள் வந்து நிற்கும். எது தனக்கானது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல் தவறான வேலையைச் செய்யவைப்பது. ‘கடினப்படுத்து’ என்று படித்தவர் தண்ணீரை அடியோடு நிறுத்துகிறார், மொட்டை வெயிலில் தட்டை வைக்கிறார், தண்டு குச்சிபோல ஆனால் வெற்றி என்று நினைக்கிறார். நாற்றுக்குள் நடக்க வேண்டியது வேறு. நிழலில் விரிந்த இலை மெல்லியது. அதன் மேல் மெழுகுப் பூச்சும் மெல்லியது. குடிலின் ஈரக்காற்றில் வளர்ந்ததால் இலைத்துளைகளைச் சட்டென்று மூடிக்கொள்ளும் பழக்கமும் அதற்குக் குறைவு. அப்படிப்பட்ட இலையை ஒரே நாளில் நடுப்பகல் வெயிலில் வைத்தால் வெள்ளை வெள்ளையாக வெந்துபோகும். வெந்த இடம் பிறகு பச்சையாகாது. புதிய இலை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே காட்டினால் மெழுகுப் பூச்சு தடிக்கும், அடுத்து வருகிற இலைகள் வெயிலுக்கு ஏற்றவையாக விரியும், வேர் வலுக்கும். இறுக வைப்பது இதில் நோக்கமே இல்லை. மாதக்கணக்கில் வெளியே வாழப்போகிற செடியை அந்த இடத்துக்குத் தயார் செய்கிறோம், அவ்வளவுதான்.

> ‘வெயில் காட்டுதல்’ என்று எளிமையாகச் சொன்னால் போதாதா? எல்லோருக்கும் புரியும்.

எனக்கும் இது பிடித்த சொல். வாயில் தானாக வருகிறது. ஆனால் வெயில் இதில் ஒரு பங்குதான். ஆடிப்பட்டத்துக்கு நாற்று விட்டவர்களைக் கேளுங்கள், வெயிலைவிடக் காற்றுதான் அவர்களுக்குக் கவலை. குடிலுக்குள் காற்று அசைவே படாமல் வளர்ந்த தண்டு நெடுநெடுவென்று போயிருக்கும்; ஆடிக்காற்றில் நட்ட அன்றே சாய்ந்துவிடும். மெல்லிய காற்றில் சில நாள் அசைந்தாடிய தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் மாறும். டொரொண்டோவிலிருந்து நம் குழுவுக்கு எழுதுகிறவர்களுக்குச் சிக்கல் குளிர். அங்கே வீட்டுக்குள் முளைக்கவைத்த தக்காளியை மே மாதம் விக்டோரியா தின விடுமுறை ஒட்டித்தான் பலரும் தரையில் நடுகிறார்கள். அதற்கு முன் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று தட்டைத் தூக்கிக்கொண்டு அலைவதை ‘வெயில் காட்டுதல்’ என்றால் பாதிகூடச் சொன்னதாகாது.

> ‘உரமேற்றல்’ – செறிவாகவும் அழகாகவும் இருக்கிறதே?

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் உரம் என்றால் யூரியாவும் தொழுவுரமும்தான். தழைச்சத்தைக் குறைக்க வேண்டிய அந்த வாரத்தில் போய் ‘உரமேற்று’ என்று எழுதினால் படிப்பவர் உரத்தைத்தான் போடுவார். இது ஆபத்து, விட்டுவிடுவோம்.

சரி, என் பரிந்துரை ‘நாற்றுப் பழக்கல்’. கன்றை நுகத்துக்குப் பழக்குவது என்ற வழக்கு நம்மிடம் இருக்கிறது: முதல் நாளே பாரம் ஏற்றுவதில்லை, பழக்காமலும் ஏரில் பூட்டுவதில்லை. படிப்படியாக, நாள் எடுத்து, பழகுகிற உயிரின் போக்கைப் பார்த்துச் செய்வது என்பதெல்லாம் அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. வெயில், காற்று, குளிர், குறைந்த தண்ணீர் எதற்கும் பொருந்தும். சொல் வளர்வதற்கும் இடம் இருக்கிறது: பழக்கிய நாற்று, பழக்காத நாற்று, பழக்கு நாட்கள், பழக்குக் கூடம். திசு வளர்ப்பு வாழையில் குடுவையிலிருந்து எடுத்த கன்றை முதலில் ஈரப்பதம் மிகுந்த குடிலிலும், அப்புறம் பையில் மாற்றி நிழல்வலைக்குக் கீழும் வைக்கிறார்கள். அவற்றை முதல் பழக்கல், இரண்டாம் பழக்கல் என்று தடுமாறாமல் சொல்லலாம்.

> தாவரவியலில் ‘ஹேபிட்’ (செடியா, கொடியா, மரமா என்ற வளரும் விதம்) என்பதோடு குழம்பாதா?

குழம்பாது. அதற்குப் பாடநூல்களில் ‘வளரியல்பு’ நிலைத்துவிட்டது.

கையேட்டுக்கு நான் எழுதிப் பார்த்த பதிவு இது. திருத்துங்கள்:

“நாற்றுப் பழக்கல்: குடிலிலோ நிழலிலோ வளர்ந்த நாற்றை, நடுவதற்கு முன் 7 முதல் 10 நாட்கள் வெளிச்சூழலுக்குப் படிப்படியாகப் பழக்குதல். முதல் நாள் காலை இளவெயிலில் ஒரு மணி நேரம். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, கடைசி இரண்டு நாட்கள் முழுவதும் வெளியே. பலத்த காற்று இருந்தால் சுவர் ஓரம் வைக்கவும். தண்ணீரைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. குழித்தட்டில் தென்னைநார்க் கழிவு விரைவில் காயும். இலை மாலையிலும் தலை தொங்கியிருந்தால் வெயில் நேரத்தை ஒரு படி குறைக்கவும்.”

கத்திரி வெயில் நாட்களுக்குத் தனி வரி வேண்டும் என்று நினைக்கிறேன். அப்போது வெளியே வைப்பதைவிட 50 சதவீத நிழல்வலையின் ஓரத்தைக் காலையில் கொஞ்ச நேரம் சுருட்டிவிடுவது நல்லது.

இன்னும் ஒன்று மீதமிருக்கிறது. அளவுக்கு மீறிப் பழக்கி, வாடவிட்டு, வளர்ச்சியே நின்றுபோன நாற்றுக்குப் பெயர் வேண்டும். முட்டைக்கோஸ், காலிஃபிளவரில் இது விளைச்சலையே கெடுக்கும். காலிஃபிளவர் பொத்தான் அளவு பூவோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘முற்றிய நாற்று’ என்பது வயது கடந்த நாற்றுக்கு வழக்கில் இருப்பதால் அதை இங்கே இழுக்க வேண்டாம். ‘இறுகிய நாற்று’ என்று வைக்கலாமா? நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், உங்கள் பக்கத்தில் அதை எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். அந்தச் சொல் கிடைத்தால் என்னுடையதை எடுத்துவிடலாம்.

அன்புடன்