பயிற்சித் தரைக்கு அரை அடி மணலா?

கடிவாளம்: அரை அடி மணல் கொட்டினால்தான் குதிரையின் கால் பிழைக்கும் என்று நேற்று ஒருவர் எழுத, ஆளாளுக்கு ஆமாம் போட்டிருக்கிறீர்கள். வயிறு எரிகிறது. ஆறு அங்குல உதிரி மணலில் ஒவ்வொரு அடிக்கும் குளம்பைப் பிடுங்கி எடுக்க வேண்டும். முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண்தான் அந்த இழுப்பைத் தாங்குகிறது. கெட்டியான அடித்தளத்தின் மேல் இரண்டு, மூன்று அங்குலம் போதும்.

செம்மண்: அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லத் தைரியம் இல்லையா? மெரினாவில் குதிரைகள் மணலில்தானே ஓடுகின்றன?

கடிவாளம்: அலை நனைத்த ஓரத்தையும் காய்ந்த மணலையும் ஒன்றாக்காதீர்கள். ஈர மணல் இறுகி நிற்கும், தடம் மேலாகத்தான் விழும். காய்ந்த மணலில் ஏற்றிப் பாருங்கள், குளம்பே தெரியாது.

புதுசவாரி: ஒரு சந்தேகம். ஆறு அங்குலம் என்பது உதிரியாகவா, தண்ணீர் விட்டு உருட்டிய பிறகா? தடை தாண்டவா, வட்டம் சுற்றவா?

செம்மண்: எதற்காக இருந்தாலும் ஆறு அங்குலம்தான். தார் ரோட்டில் ரேக்ளா ஓட்டுகிற ஊரில் மணல் ஜாஸ்தி என்று அழுகிறார்கள்!

ரேக்ளாமாப்ளே: ரேக்ளாவை ஏன் இழுக்கிறீர்கள்? பிள்ளை மாதிரி வளர்க்கிறோம். தார் ரோடு பந்தயத்தன்று மட்டும்தான், பழக்குவதெல்லாம் மண் பாதையில்.

கடிவாளம்: தாரும் தப்புதான் மாப்ளே, அதிர்ச்சி நேராக மூட்டுக்குப் போகும். அதற்காக ஆறு அங்குலம் சரியாகிவிடுமா? கலிபோர்னியாவின் சாண்டா அனிட்டா பந்தயத் திடலில் 2007இல் செயற்கைத் தரை போட்டார்கள். மழைத் தண்ணீர் வடியாமல் பந்தயங்களே ரத்தாகி, 2010இல் பழையபடி மண்ணுக்குத் திரும்பினார்கள். வடிகாலையே பார்க்காமல் இவர் லோடு லோடாகக் கொட்டச் சொல்கிறார்.

செம்மண்: கலிபோர்னியா கதை எதற்கு? போன வருஷம் என் குதிரையை நொண்டி என்று சொல்லி விலையைக் கெடுத்தவர்தானே நீங்கள்?

கடிவாளம்: நொண்டியதைத்தான் நொண்டி என்றேன். எத்தனை அங்குலத்தில் சுற்றியது என்று இப்போது புரிகிறது.

லாரிக்காரர்: சண்டை இருக்கட்டும், கழுவிய எம்-சாண்ட் போடுங்கள். மணிகளில் முனை இருக்கும், பிடித்து நிற்கும்.

செம்மண்: தூசி பறந்து குதிரை இருமட்டுமா? ஆற்று மணல், ஆறு அங்குலம். அவ்வளவுதான்.

கடிவாளம்: ஆற்று மணலா! உருண்டை மணி, திருப்பத்தில் காலுக்கடியில் உருளும். அதிலும் ஆறு அங்குலம்! உங்கள் ரிங்கில் ஒரு ஸ்கேலைக் குத்திப் படம் போடுங்கள்.

செம்மண்: உங்களுக்குப் படம் போட வேண்டிய அவசியம் எனக்கில்லை.

கடிவாளம்: அப்படியானால் குதிரையின் காலையாவது படம் எடுத்துப் போடுங்கள். பார்க்கலாம்.