இண்டக்‌ஷன் ஹீட்டிங்: காயிலுக்குள் வைத்த ஷாஃப்டின் இம்பீடன்ஸை (ஏசி மின்னோட்டத்துக்கான மொத்தத் தடையை) எப்படி அளப்பது?

குன்னூர் லேத்: தேயிலை ஃபேக்டரி ஷாஃப்ட், 25 மி.மீ. இஎன் 8 (நடுத்தரக் கார்பன் ஸ்டீல்). மேற்பரப்பைக் கடினப்படுத்த 8 சுற்று காயில், 20 கிலோஹெர்ட்ஸ். காயிலோடு ரெசொனன்ஸ் ஆகும் கெப்பாசிட்டரைத் தேர்வு செய்ய ஷாஃப்டின் இம்பீடன்ஸ் வேண்டும். தனியாக அளக்கலாமா?

கோத்தகிரி ஒயர்மேன்: தனியாக அளந்து பயனில்லைங்க. எல்சிஆர் மீட்டரை (இண்டக்டன்ஸ், கெப்பாசிட்டன்ஸ், ரெசிஸ்டன்ஸ் அளக்கும் மீட்டர்) 20 கிலோஹெர்ட்ஸில் வைத்து, காலிக் காயிலை ஒருமுறை, ஷாஃப்டை நுழைத்து ஒருமுறை அளங்க. கூடிய ரெசிஸ்டன்ஸ்தான் ஷாஃப்டின் பங்கு. எல்லாம் மில்லிஓம் கணக்கு. நான்கு வயர் புரோப் (கரண்டுக்கு இரண்டு, வோல்டேஜுக்கு இரண்டு வயர்) இல்லையென்றால் மீட்டர் வயரின் ரெசிஸ்டன்ஸைத்தான் அளப்பீங்க.

ஊட்டி பர்னஸ்: அது குளிர்ந்த இரும்பின் கணக்கு மட்டுமே. சுமார் 770 டிகிரி செல்சியஸ் தாண்டினால் காந்தத்தன்மை போய்விடும். மின்னோட்டம் ஓடும் ஆழம் 0.1–0.2 மி.மீ.யிலிருந்து 3.5 மி.மீ.க்கு மேல் போகும். இண்டக்டன்ஸ் இறங்கும், ரெசொனன்ஸ் ஃப்ரீக்வென்ஸி ஏறும். சூட்டு நிலைக்கு, காந்தம் ஒட்டாத 304 ஸ்டெயின்லெஸ் கம்பியை அதே அளவில் வைத்து அளங்க. சூடான இரும்பில் ரெசிஸ்டன்ஸ் அதைவிட 20 சதவீதம் போலக் கூடும். கெப்பாசிட்டரை இந்த இரண்டு நிலைக்கும் சேர்த்துப் பாருங்க.

குன்னூர் லேத்: ஓடும்போதே ஸ்கோப்பில் பார்த்தால்?

ஊட்டி பர்னஸ்: வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் கோணம் 80 டிகிரி என்று வையுங்க, 1 டிகிரி பிசகினால் ரெசிஸ்டன்ஸ் 10 சதவீதம் தப்பும். அதைவிட, ஒரே காயில் கரண்டில் ஷாஃப்டோடும் காலியாகவும் இன்வர்ட்டருக்குள் போகும் டிசி பவரைக் குறித்து, வித்தியாசத்தை காயிலின் ஆர்எம்எஸ் (பயன் மதிப்பு) கரண்டின் வர்க்கத்தால் வகுங்க; ஷாஃப்டின் ரெசிஸ்டன்ஸ் வரும்.

கோத்தகிரி ஒயர்மேன்: மூடுபனி நாளில் கூலிங் தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருந்தால் காயிலில் நீர் பூக்கும். துடைக்காமல் ஆன் செய்தால் சுற்றுக்குச் சுற்று பொறி பறக்கும்.