தம்பி வீட்டு கோல்ஃப் அறைக்குச் சுவர்ப் பாதுகாப்பு

*தம்பி:* அனைவருக்கும் வணக்கம். மிச்சிகனில் பனி விழத் தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் மைதானத்தின் பக்கம் போக முடியாது என்பதால், பேஸ்மென்டில் கோல்ஃப் சிமுலேட்டர், அதாவது மைதானம் தெரியும் திரையை நோக்கி நிஜப் பந்தை அடித்து ஆடும் அமைப்பு, அமைத்துக்கொண்டிருக்கிறேன். திரையும் புரொஜெக்டரும் வந்துவிட்டன. சுவர்களுக்கு, ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒட்டியிருக்கும் கறுப்பு ஃபோம் சதுரங்களை வாங்கி ஒட்டிவிடலாமா, அத்தான்?

*அத்தான்:* அதை நம்பாதே, தம்பி. அந்த ஃபோம் எதிரொலியைக் குறைக்கும், பந்தைத் தாங்காது. 46 கிராம் பந்து, டிரைவர் என்ற நீண்ட மட்டையின் அடியில் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் புறப்பட்டால், அதன் ஆற்றல் ஐந்து கிலோ அரிசிப் பையை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்கு ஈடாகும். அது அத்தனையும் ஒரு சிறு புள்ளியில் இறங்கும். உங்கள் டிரைவால் அரை அங்குல ஜிப்சம் பலகைதான். பலகைக்குப் பின்னால் நிற்கும் ஸ்டட் என்ற சட்டங்கள் இரண்டுக்கு நடுவே பந்து பட்டால், மெல்லிய ஃபோமையும் அமுக்கிக்கொண்டு பலகையில் ஓட்டை போட்டுவிடும்.

*அம்மா:* பந்துதான் திரையில் போய்ப் படுமே, மாப்பிள்ளை. பக்கச் சுவருக்கு ஏன் இவ்வளவு செலவு?

*அத்தான்:* நல்ல கேள்வி, அத்தை. எல்லாரும் திரைக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு இந்த இடத்தில்தான் கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். பந்து மட்டையின் முகத்தில் படாமல், தண்டும் முகமும் சேருகிற கழுத்தில் பட்டுவிட்டால், அதை ஷாங்க் என்பார்கள். வலக்கைக்காரர் அடித்த பந்து திரைப் பக்கமே போகாமல் சட்டென்று வலப்பக்கம் தெறித்துவிடும். ஆகவே அதிக ஆபத்து உள்ள சுவர், திரையை நோக்கிப் பார்த்தால் வலப்பக்கம், பந்து வைக்கும் இடத்திலிருந்து திரை வரை உள்ள பகுதிதான்.

*அக்கா:* நம் சின்னவள் இடக்கைக்காரி ஆயிற்றே. அவளும் ஆடுவாள் என்றால் இடப்பக்கச் சுவரையும் அப்படியே பார்க்க வேண்டும்.

*அத்தான்:* ஆமாம், இரண்டு பக்கமும் வேண்டும்.

*தம்பி:* அப்படியானால் இரண்டு பக்கமும் பிளைவுட் அடித்துவிட்டால் கவலை தீர்ந்துவிடுமே?

*அத்தான்:* சுவர் பிழைக்கும். ஆட்கள் பிழைப்பார்களா என்பதுதான் கேள்வி. கெட்டியான பரப்பில் பட்ட பந்து பலத்த வேகத்தில் திரும்பி வரும், இவ்வளவு சிறிய அறையில் அது யார் முகத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. பந்தின் வேகத்தை உறிஞ்சுவதற்கு ஏதாவது தளர்வாகத் தொங்க வேண்டும். கோல்ஃபுக்கென்றே விற்கும் வலையை வாங்கி, கூரையில் திரைச்சீலைக்கு அடிப்பது போல ஒரு ரெயில் கம்பி அடித்து, சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளித் தொங்கவிடு. இழுத்துக் கட்டாதே. விறைப்பான வலை பந்தைத் திருப்பி வீசும், தொய்வான வலை பந்தைக் காலடியில் போட்டுவிடும். அடிப்பகுதி தரையில் சிறிது புரளட்டும், இல்லாவிட்டால் தாழ்வாக வரும் பந்து அடியில் நுழைந்துவிடும். மாட்டி முடித்ததும் முஷ்டியால் வலையை அழுத்திப் பார். கை சுலபமாகச் சுவரைத் தொட்டால் இடைவெளி போதாது. பிளைவுட் அடித்தே தீர வேண்டுமென்றால், அதன் மேல் தடித்த ஃபோமும் துணியும் போர்த்தி, முன்னால் வலையும் இருக்கட்டும்.

*தம்பி:* திரைக்கும் பின்சுவருக்கும் இடையே எவ்வளவு விட வேண்டும்?

*அத்தான்:* குறைந்தது ஓர் அடி, இடம் இருந்தால் ஒன்றரை அடி. திரையை மாட்டும் இரும்புக் குழாய்கள் முழுவதற்கும் ஃபோம் உறை போட மறக்காதே. குழாயில் நேராகப் பட்ட பந்துதான் எல்லாவற்றிலும் மோசமாகத் திரும்பி வரும். திரைக்கு மேலே கூரையிலும் ஒரு மெத்தைப் பலகை வேண்டும், வெட்ஜ் என்ற சாய்முக மட்டையால் அடிக்கும் பந்து உயரமாக எழும்பும்.

*அக்கா:* நானும் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். பேஸ்மென்டின் வெளிச்சுவர் கான்கிரீட். அதில் எதையாவது நேரடியாக ஒட்டினால் ஈரம் பின்னால் தங்கிப் பூசணம் பிடிக்கும், ஆகவே மரச்சட்டம் அடித்து அதன் மேல் பொருத்தச் சொல். டிரைவாலிலும் பசை வேண்டாம், உரிக்கும்போது மேல்தாள் கிழிந்து வந்துவிடும். சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் மளமளவென்று எரிந்து நச்சுப்புகை கக்கும் என்பதால், தீத்தடுப்புச் சான்று உள்ளதையே வாங்கு. முக்கியமாக, மின்சார பேனல் எந்தச் சுவரில் இருக்கிறது? அதன் முன்னால் மூன்று அடி காலியாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மின்விதி.

*தம்பி:* வலப்பக்கச் சுவரில்தான், அக்கா, திரையிலிருந்து நான்கு அடி தள்ளி.

*அக்கா:* அப்படியானால் அந்தப் பக்கம் நிலையாக எதையும் அடிக்காதே. திரைச்சீலை மாதிரி ஒதுக்கித் தள்ளும் வலையாகப் போடு; ஆடி முடித்ததும் ஒதுக்கிவை. பேனலை எப்போதும் எளிதாக அணுக முடிய வேண்டும்.

*அம்மா:* பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள்?

*அத்தான்:* அடிப்பவருக்கு நன்றாகப் பின்னால், அத்தை, மட்டையின் வீச்சு எட்டாத தூரத்தில். பக்கவாட்டில் யாரும் நிற்கவே கூடாது, வலை இருந்தாலும்கூட.

*தம்பி:* சரி, அத்தான். ஃபோம் சதுரங்களுக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு பக்கத்துக்கும் வலையும் ரெயிலும் வாங்கிவிடுகிறேன். குழாய் உறையும் கூரைப் பலகையும் இதே வாரத்தில் வாங்குகிறேன். அவை வரும்வரை யாரும் அங்கே மட்டையைத் தொட மாட்டோம்.

*அத்தான்:* ரெயில் அடிக்கும் முன் கூரையைத் தாங்கும் ஜாயிஸ்ட் மரங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று ஒரு படம் எடுத்து இங்கே போடு. திருகு மரத்தில் இறங்க வேண்டும், வெறும் பலகையில் இறங்கினால் வலையின் பாரமே அதைப் பிடுங்கிவிடும்.